காயலான் கடைக்குப் போன் போடுவதற்கு முன்னால் படி

கவென்ட்ரி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள குண்டு,

முட்டி எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா, இல்லை போய்விட்டு வந்தேன் என்று வீட்டில் கணக்குக் காட்டிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்குத் தமிழில் திட்ட வந்துவிட்டது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. குளிரைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் நீ உடனே பெருங்களத்தூர் டிராஃபிக்கைப் பற்றி ஆரம்பிப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியவன் என் மகளிடம் போனில் பேசும்போது, வீட்டை புரமோட்டரிடம் கொடுக்கப் போகிறோம், பின்னால் இருக்கிற ஷெட்டை முதலில் இடிக்கப் போகிறோம், அதற்குள் கிடக்கிற அப்பாவின் ஸ்டாண்டர்ட் 2000-ஐக் காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், எடைக்கு எடுத்துக்கொள்கிறாராம் என்று சொல்லியிருக்கிறான். எடைக்கு! அதை அவள் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொல்கிறாள், ரசம் ஊற்றட்டுமா என்கிற குரலில். எனக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

நீ சிரிப்பாய் என்று தெரியும். "அந்த வண்டியை வாங்கின நாளிலிருந்து அதைத் திட்டியவனே நீதானே" என்பாய். திட்டினேன், இப்போதும் திட்டுவேன். ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். இது கொஞ்சம் நீளும், கண்ணாடியைப் போட்டுக்கொள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். அவர் கராஜில் 1954-ஆம் வருஷத்து டிரையம்ஃப் டி.ஆர்.2 ஒன்று பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. ஒருநாள் வாக்கிங் போகும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜைமேல் பிஸ்டன் ஓடுகிற லைனர் குழாய் நாலு வரிசையாக நிற்கிறது. நம் தொழிலில் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர முடியுமா? உள்ளே போய் எஞ்சின் பிளாக்கை எட்டிப் பார்த்தேன். சுற்றித் தண்ணீர் நிற்கிற வெட் லைனர், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங், சிலிண்டர் வாய், அதாவது போர், 83 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்ட்ரோக் 92, மொத்தம் 1991 சி.சி. டேய், இது நம் ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரின் எஞ்சின் குடும்பமடா! வண்டலூர் ஸ்டாண்டர்டில் கடைசியாகப் போட்டார்களே, உன் ஷெட்டில் இருக்கிற அந்த 2000, அதன் பானட்டுக்குள் உட்கார்ந்திருப்பதும் இந்த வம்சம்தான். ஒரு பக்கம் இங்கிலாந்தில் ரேஸ் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார், இன்னொரு பக்கம் உன் மாமனார் "கப்பல் மாதிரி இருக்கு" என்று சொல்லி உன் தலையில் கட்டிய வண்டி.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அங்கேதான். மகள் "அப்பா, அவர் உங்களுக்குச் சம்பளம் தருகிறாரா?" என்கிறாள்.

இந்த டி.ஆர்.2 வந்த கதையைக் கேள். இங்கே கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு முதலாளி மாதிரி இருந்தவர் சர் ஜான் பிளாக். கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் வேலை நடக்க வைப்பவர். யுத்தத்துக்கு முன்னால் வில்லியம் லயன்ஸுக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் இவர்தான். லயன்ஸ் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், ஜாகுவார்க்காரர். யுத்தம் முடிகிற நேரத்தில் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கான டூலிங்கையே, அச்சு கருவி எல்லாவற்றையும், விற்கிறேன் என்று பிளாக் சொல்ல, லயன்ஸ் அவர் மனசு மாறுவதற்குள் லாரியை அனுப்பி அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். லயன்ஸ் நினைத்தபடியே பிளாக் மனசு மாறித் திரும்பக் கேட்டும் பார்த்தாராம். நடக்குமா? அப்புறம் 1948-ல் லயன்ஸ் எக்ஸ்.கே.120 என்கிற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார், ஊரே வாய் பிளந்தது. பிளாக் கையில் இருந்ததோ 1944 கடைசியில் வாங்கிப்போட்ட டிரையம்ஃப் என்கிற பெயர் மட்டும். அதன் தொழிற்சாலை 1940-ல் கவென்ட்ரியில் விழுந்த குண்டில் போய்விட்டது. பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் மார்கன் என்கிற கார் கம்பெனியை விலைக்குக் கேட்டார். அவர்கள் ஏற்கெனவே தங்கள் பிளஸ் 4 காருக்கு இவரிடம் வான்கார்டு எஞ்சின் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். 'எஞ்சினைக் கொடு, கம்பெனியைக் கொடுக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் நாமே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. அமெரிக்காக்காரன் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டால் விடவில்லை, அதற்கு மேலே ஜாகுவார், நடுவில் இடம் காலி. அந்த இடத்துக்கு ஒரு கார், 500 பவுண்டுக்குள், சீக்கிரம். இதுதான் உத்தரவு.

எப்படிச் செய்தார்கள் தெரியுமா? குடோனில் என்ன கிடக்கிறது என்று பார்த்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் ஓடிய ஸ்டாண்டர்ட் ஃப்ளையிங் நைன் என்கிற சின்னக் காரின் சேஸிஸ் நிறைய மிச்சம் கிடந்தது. அதை எடு. முன் சஸ்பென்ஷனும் பின் ஆக்சிலும் டிரையம்ஃப் மேஃப்ளவரிலிருந்து. எஞ்சின் வான்கார்டுடையது, அதன் அண்ணன் தம்பிதான் ஸ்டாண்டர்டின் பேனர் லேன் ஆலையில் ஃபெர்குசன் டிராக்டரிலும் உறுமிக்கொண்டிருந்தது. பாடி வரைந்த வால்டர் பெல்குரோவுக்குக் கிடைத்த பணத்தில் பெரிய பிரஸ் டூலெல்லாம் அடிக்க முடியாது, அதனால் மடிப்பு சுலபமான தகடாகவே வரைந்தார். பின்பக்கம் மொட்டையாக, ஸ்டெப்னி வெளியே தெரிகிற மாதிரி. கல்யாண வீட்டில் மிஞ்சியதைப் போட்டுக் கூட்டுக்குழம்பு வைத்த கணக்குதான். 1952 அக்டோபரில் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். அதே கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தன் ஹீலி ஹண்ட்ரட்டை வைத்திருந்தார், ஆஸ்டின் முதலாளி லெனார்ட் லார்ட் அதைப் பார்த்த கையோடு எங்கள் ஆலையில் செய்கிறோம் என்று பேசி முடித்துவிட்டார். கூட்டம் அங்கே. பாவம் பிளாக்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கென் ரிச்சர்ட்ஸன் என்று ஒருவர், பி.ஆர்.எம். ரேஸ் காரில் வேலை பார்த்தவர், ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்த ஆள். அவரைக் கூப்பிட்டு இதை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பிளாக் முகத்துக்கு நேராக, இது ஆளைக் கொல்கிற வண்டி, இவ்வளவு மோசமான காரை நான் ஓட்டியதே இல்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். சர் பட்டம் வாங்கியவர், ஆயிரக்கணக்கான பேருக்கு எஜமானர், கோபம் வந்தால் நாலு தெரு தள்ளிக் கேட்கும். என்ன நடந்திருக்க வேண்டும்? நீயாவது நானாவது "போய்யா" என்று அனுப்பியிருப்போம். நம் டாக்டரின் ஃபியட்டைப் பற்றி நீ உண்மையைச் சொன்னபோது என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? ஆனால் பிளாக், அப்படியானால் நீயே வந்து சரி பண்ணு என்று ரிச்சர்ட்ஸனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

குண்டு, நான் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். நல்ல கார் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தான் செய்தது மட்டம் என்று கேட்டுவிட்டு, சொன்னவனையே உள்ளே கூப்பிடுகிற முதலாளியை நம் சர்வீஸில் எங்கேயாவது பார்த்தோமா?

அந்தக் குளிர்காலம் முழுக்க ராப்பகலாக வேலை. பழைய சேஸிஸ் முறுக்குத் தாங்கவில்லை, கம்பெனி எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டரின் ஆட்கள் புதிதாக, விறைப்பாக ஒன்று போட்டார்கள். மொட்டைப் பின்பக்கத்தை நீட்டி டிக்கி வைத்தார்கள், ஸ்டெப்னி அதற்குக் கீழே தனி அறைக்குள் போனது. வான்கார்டில் 85 மில்லிமீட்டர் போர், 2088 சி.சி., அதை 83 ஆக்கி இரண்டு லிட்டர் போட்டி வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். லைனர் மாற்றினால் போதும், எஞ்சின் பிளாக்கைத் தொடவே வேண்டாம், டிராக்டருக்கும் உழைக்கிற எஞ்சினுக்கு இது ஒரு சௌகரியம். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 68 குதிரை சக்தி இருந்தது 90 ஆனது. வான்கார்டின் மூன்று கியர் பெட்டி நாலு கியர் ஆனது. 1953 மார்ச்சில் ஜெனீவாவில் புது உடம்போடு நிற்கிறது, பெயர் டி.ஆர்.2. நடுவில் ஆறு மாசம்கூட இல்லை. இன்றைக்கு ஒரு டோர் ஹேண்டில் மாற்ற இவர்கள் மூன்று மீட்டிங் போடுகிறார்கள், என் மாப்பிள்ளை கம்பெனிக் கதையைக் கேட்டால் தெரியும்.

அந்த லைனர் மாட்டுகிற வேலையை நான்தான் செய்தேன், அதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது. எஞ்சின் பிளாக்கில் லைனர் கீழே உட்காருகிற இடத்தில் எட்டு வடிவ பேக்கிங், இரண்டு லைனருக்கு ஒன்று. உட்காருகிற இடம் முழுக்கப் பழைய துரு, அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணவே இடுப்பு போய்விட்டது. லைனர் இறங்கினதும் மேலே பிளாக் மட்டத்தைவிடத் துளி எழும்பி நிற்க வேண்டும், நம் பாஷையில் மூன்று தவ்விலிருந்து ஐந்து தவ்வுக்குள், ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது, தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து ஃபீலர் கேஜை நுழைக்கிறேன், மூன்று நாலில் நிற்கிறது, கடைசி லைனர் மட்டும் ஒரு தவ்வில் நின்று அழும்பு பண்ணுகிறது. பெரியவர் பொறுமையாக, "மறுபடி எடு, கீழே ஏதோ இருக்கிறது" என்றார். நகக்கண் அளவு பழைய பேக்கிங் துணுக்கு, அருகில் சுருட்டிக்கொண்டு கிடந்தது. அதனால் புது பேக்கிங் நேராக உட்காராமல் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. இன்னொரு பேக்கிங் போட்டு இறக்கினதும் நாலு தவ், அல்வா மாதிரி. அப்புறம் நாலையும் கிளாம்ப் போட்டு இறுக்கும்வரை கிராங்கைத் தொட விடவில்லை அவர். லைனர் தூக்கிக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து.

இதே வேலை அந்தக் காலத்தில் நடுரோட்டில் சோதனைக்கு வந்தது. பெல்ஜியத்தில் ஜபெக்கே என்ற ஊர்ப் பக்கம் புது நெடுஞ்சாலை, நேர்கோடு. 1949-ல் ஜாகுவார் அங்கேதான் எக்ஸ்.கே.120-ஐ மணிக்கு 132 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டியது. 1953 மார்ச்சில் சன்பீம் ஆல்பைன் போய் 120 தொட்டது. பிளாக் சும்மா இருப்பாரா? மே 20-ஆம் தேதி, எம்.வி.சி. 575 என்ற பதிவெண் போட்ட டி.ஆர்.2, ஸ்டியரிங்கில் அதே ரிச்சர்ட்ஸன், பத்திரிகைக்காரர்கள் ரோட்டோரத்தில். ஒரு ஓட்டத்தில் பிளக் வயர் கழன்று மூன்று சிலிண்டரிலேயே நூறு மைலுக்கு மேல் போனதாம். மாட்டிவிட்டு ஓட்டியதும் 124.889 மைல், கிலோமீட்டரில் 201. கண்ணாடியைக் கழற்றி, அடியில் தகடு அடித்து, பின்சக்கரத்தை மூடி, நெடுஞ்சாலை வேகத்துக்கான ஓவர்டிரைவ் கியர் போட்டு எடுத்த வேகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும், ஆறு மாசத்துக்கு முன்னால் அதே மனுஷன் ஆளைக் கொல்கிற வண்டி என்று சொன்னது இதன் முதல் உருவத்தைத்தானே! அந்த எம்.வி.சி. 575 பல வருஷம் துண்டு துண்டாகக் கிடந்து இப்போது மறுபடி ஓடுகிறது. கவனி, அதையும் யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

குறை இல்லையா என்றால், ஏகப்பட்டது. ஆரம்பக் கார்களில் கதவு அடிவரை நீளம், பிளாட்பாரம் ஓரமாக நிறுத்தினால் கதவு கல்லில் இடித்து நின்றுவிடும், உள்ளே இருக்கிறவர் இறங்க முடியாது. 1954 இலையுதிர் காலத்துக்குப் பிறகுதான் கதவைக் குட்டையாக்கினார்கள். நம் பெரியவருடையது நீளக் கதவு, அதில் அவருக்குப் பெருமை வேறு. வெளியே கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் துணிக்கூரையும் பக்கத்துத் திரையும் மாட்டிக்கொள்ள வேண்டும். பின் ஆக்சிலுக்குக் கீழே சேஸிஸ் போவதால் சஸ்பென்ஷனுக்கு அசையவே இடம் பத்தாது, மேடு பள்ளத்தில் வளைவு எடுத்தால் வால் குதிக்கும். ஆனால் வரிக்கு முன்னால் 555 பவுண்டு, மைலேஜும் கொடுக்கிறது, எஞ்சின் சாகவே சாகாது. 1954 ஆர்.ஏ.சி. ராலியில் முதலிடம், அதே வருஷம் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் தனி ஆள் கொண்டுபோன கார் 15-ஆவதாக முடித்தது. அடுத்த வருஷம் கம்பெனியே மூன்று கார் அனுப்பி மூன்றும் முடித்தன, டிஸ்க் பிரேக்கை வைத்துப் பார்த்தது அங்கேதான். 1956 கடைசியில் டி.ஆர்.3-ல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கை வழக்கமாகவே போட்டுக் கொடுத்தார்கள், இங்கிலாந்தில் அதுவரை பெருமளவில் செய்கிற எவரும் செய்யாதது. டி.ஆர்.2 எட்டாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் பின்னால் வந்த டி.ஆர்.3ஏ மட்டும் 58,000-க்கு மேல். பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மார்கன்காரர்கள்? கம்பெனியை விற்க மாட்டோம் என்றவர்கள் கடைசியில் டி.ஆர். எஞ்சினை வாங்கித் தங்கள் காரில் போட்டுக்கொண்டார்கள்.

பிளாக்குக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1953 நவம்பரில், டி.ஆர்.2 பாகங்களை வைத்துச் செய்த ஸ்வாலோ டொரெட்டி என்ற காரில் போகும்போது, பேனர் லேன் வாசலிலேயே விபத்து. பலமான அடி. ஓட்டியது ரிச்சர்ட்ஸன். சில வாரத்தில், புது வருஷம் பிறந்ததும் போர்டு ஆட்கள் வீட்டுக்கே போய் ராஜினாமாவில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வருஷக்கணக்கில் அவர் அதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர் ஆசைப்பட்ட கார் அப்போதுதான் ஆலையிலிருந்து வெளியே வர ஆரம்பித்திருந்தது. பெரியவர் இதைச் சொல்லும்போது பிளாக்குக்காக வருத்தப்படவில்லை, "அவரோடு வேலை செய்து பார்த்தவனைக் கேள்" என்றார். எனக்கு ஏனோ கஷ்டமாக இருந்தது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உன் 2000 நல்ல கார் என்று நான் சொல்ல மாட்டேன். பாடி நல்ல பாடி, ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. ஆனால் 900 கிலோவுக்குள் இருக்கிற டி.ஆர்.2-ல் பறந்த எஞ்சின், 1300 கிலோ பக்கம் வருகிற அதில் என்ன செய்யும்? மூச்சு வாங்கத்தான் செய்யும். மாருதி பின்னால் ஊர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மைலேஜை வைத்துக்கொண்டு யார் வாங்குவார்கள், 1988-ல் எல்லாம் நின்றுபோனது. எஞ்சின் பேரில் குற்றமில்லை. அதைத் தூக்கி எந்த உடம்பில் வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போது சீரியஸாக ஒன்று கேட்கிறேன். புரமோட்டருக்குக் கொடுப்பதில் உனக்கு இஷ்டமா? இஷ்டம் என்றால் சந்தோஷம், முட்டிக்கு லிஃப்ட் நல்லதுதான். ஆனால் பெரியவன் பேசின தோரணையில் நீ வாயே திறக்கவில்லை என்று தோன்றியது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லையே நீ. யூனியன் தேர்தலில் மேடையேறி நம் எல்லோர் மானத்தையும் வாங்கினவன் ஆயிற்றே. உடம்பு சரியில்லையா, இல்லை ஏதாவது பேச்சு வார்த்தையாகிவிட்டதா? எழுது. கடிதத்தில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் உங்கள் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடு, அப்போது இங்கே எல்லோரும் வெளியே இருப்பார்கள், நான் தனியாகத்தான் இருப்பேன்.

ஷெட்டை இடிக்கட்டும், வண்டியை முழுதாக வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அதுவும் சரி. எஞ்சினை மட்டும் இறக்கி வை. நம் ஸ்பேனர் அண்ணன் மகனிடம் செயின் பிளாக் இருக்கிறது, சொன்னால் ஒரு மணி நேரத்தில் இறக்கிக் கொடுப்பான். எஞ்சின் பிளாக் நம்பரையும் வாட்டர் பம்ப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, ஹெட்டைக் கழற்ற முடிந்தால் லைனரையும். பெரியவருக்குக் காட்ட வேண்டும், மெட்ராஸில் இந்த எஞ்சின் 1980-களில் புதுக் காரில் போட்டுக்கொண்டிருந்தோம் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். கார்புரேட்டரைக் காயலான் கடைக்காரர் கேட்டால் கொடுத்துவிடாதே, அதுதான் முதலில் போகும்.

பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. ஷெட்டை இடிக்கிற மேஸ்திரியிடம் நான் நேரிலேயே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஒல்லி

பி.கு.: வண்டியின் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், என் டார்க் ரென்ச் இருக்கிறது. நீ இல்லை என்று சாதிப்பாய், எனக்குத் தெரியும். போய்ப் பார்.